உங்களுக்குத் தெரியுமா? விஷமுறிவு ஊசிக்குள் இருக்கும் தண்ணீர்

திருத்தணி பக்கம் கரும்பு வெட்டப் போன ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் அவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து, குப்பியில் பெரும்பாலும் வெள்ளைத் தூளாகத்தான் இருக்கும். 10 மி.லி. சுத்திகரித்த நீர் விட்டுக் கரைத்த பிறகே ஏற்ற முடியும். தூளாக இருப்பதால், குளிர்பதன வசதி குறைந்த சிற்றூர்களிலும் இருப்பு வைக்கலாம்.

கரைக்கும்போது குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். சொந்தக்காரர்கள் பதறும் நேரத்தில் நர்ஸ் காட்டும் அந்த நிதானத்தை அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர் போதாதா? போதாது. ஒரு காலத்தில், காய்ச்சி வடித்த நீரில் கலந்த ஊசி போட்டும் நோயாளிகளுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தன. காரணத்தை 1923-இல் கண்டறிந்தவர் ஃபுளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. பாக்டீரியா செத்தாலும் அதன் நச்சு சாவதில்லை. நீராவியோடு தெறித்துப் போகும் நுண்துளிகள் அந்த நச்சை வடித்த நீருக்குள் கொண்டு சேர்த்தன. துளிகளை மறிக்கும் தடுப்பு ஒன்றை வடிகலத்தில் வைத்தார் சைபர்ட், காய்ச்சல் நின்றது. எத்தனை உயிர்களைக் காத்த தடுப்பு அது! மருத்துவமனைக் கருவிகளை 121 டிகிரி நீராவியில் வேகவைத்தாலும் இந்த நச்சு அழியாது. கண்ணாடிக் குப்பியிலிருந்து அதைப் போக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும்.

அந்த நச்சு நீரில் இருக்கிறதா என்று முன்பு முயலுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். பிறகு, குதிரைலாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுத்த சாறு அந்த வேலைக்கு வந்தது. நச்சு பட்டால் அது உறைந்துவிடும். ஒடிசா கடலோரத்திலும் இந்த நண்டு உண்டு.

இவ்வளவு சுத்தமான நீரையும் தனியாக நரம்பில் அதிக அளவில் ஏற்றினால் ஆபத்து. சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். அதனால்தான் கரைத்த மருந்தைச் சலைனில் சேர்த்து ஏற்றுகிறார்கள்.

அந்த விஷமுறிவுத் தூளுக்கு மூலம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷம். அதைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த விஷத்தை எடுத்துத் தருகிறது.  2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மிகத் தாமதமாக வந்த மரியாதை. சங்கத்தில் ஒரு பாம்பிடம் சில முறை விஷம் எடுத்ததும், அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.