கரியின் இயல்பும் உறவும்

அடுப்பில் எரிந்து எஞ்சிய கரித்துண்டைக் கையால் தொடவும் மக்கள் கூசுவர். வைரத்தையோ பேழையில் இட்டுப் பூட்டிக் காப்பர். இவ்விரண்டும் ஒரே தனிமத்தின் இருவேறு வடிவங்கள் என்றால், முதன்முறை கேட்போர் நம்ப மறுப்பர். முற்காலத்து அறிஞரும் இதனை எளிதில் நம்பினாரல்லர்.

1772 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு வேதியியலறிஞராகிய இலவாசியர், கண்ணாடிக் கலத்தினுள் வைரத்தை வைத்து, பெரியதொரு குவிவில்லையால் கதிரவன் ஒளியை அதன்மேற் குவித்தார். வைரம் எரிந்து தேய்ந்தது. கலத்தில் தோன்றிய வாயு, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெண்மையாக்கியது. கரியை எரித்தபோது தோன்றிய வாயுவும் அவ்வாறே செய்தது. ஆயினும், விலையுயர்ந்த மணியும் அடுப்புக்கரியும் ஒன்றே என அறுதியிட்டுக் கூற அவர் துணிந்தாரல்லர். 1797 இல் ஸ்மித்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அறிஞர், வைரத்தை வெடியுப்புடன் பொற்குழாயில் இட்டுச் சூடாக்கினார். அப்பொழுது வெளிப்பட்ட கரியமில வாயுவின் அளவு, அதே எடையுள்ள கரி தரும் அளவோடு ஒத்திருந்தது. ஐயமும் அன்றே நீங்கிற்று. அரிய மணியை எரித்தழித்தல் பேதைமை என வணிகர் கருதலாம். அவ்விழப்பினால் உலகம் பெற்ற அறிவோ அம்மணியினும் விலைமிக்கது.

பொருள் ஒன்றாயின் இயல்பு வேறுபடுவது எங்ஙனம்? அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே காரணம். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களை நாற்புறமும் இறுகப் பற்றியுள்ளது. ஆதலின் அது கடினத்திற் சிறந்து விளங்குகிறது. பென்சிற்கரியிலோ ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களையே பற்றித் தட்டையான தாள்களாகப் படிந்துள்ளது. ஒரு தாளுக்கும் மற்றொரு தாளுக்கும் இடையே பிடிப்புக் குறைவு. ஆகவே, காகிதத்தில் தேய்த்தவுடன் அவை நழுவி ஒட்டிக்கொள்கின்றன. இதனைக் காரீயம் என்று வழங்குவாரும் உளர்; பென்சிலில் ஈயம் அணுவளவும் இல்லை. 60 அணுக்கள் கூடிப் பந்துபோல் அமைந்த பிறிதொரு வடிவம் 1985 இற் கண்டறியப்பட்டது.

கரியணு பிற அணுக்களோடு கூடும் திறமே அதன் தலையாய சிறப்பு. அதற்கு நான்கு கைகள் உண்டு எனலாம். அக்கைகளால் தன்னினத்து அணுக்களைப் பற்றிச் சங்கிலியாக நீளும், வளையமாகவும் வளையும், எஞ்சிய கைகளால் ஹைடிரஜன், பிராணவாயு முதலியவற்றையும் பற்றும். சர்க்கரை, எண்ணெய், பருத்தி, கற்பூரம், மண்ணெண்ணெய் ஆகிய யாவும் இவ்வாறு பிறந்தவையே. கரண்டியிலிட்ட சர்க்கரையைத் தீயிற் காட்டினால், வெண்மை மாறி இறுதியிற் கரி எஞ்சுவதைக் காணலாம். உயிருடைப் பொருள்களிற் காணும் இத்தகைய சேர்மங்களை மனிதன் ஆக்கல் இயலாது என்று நெடுங்காலம் கருதினர். 1828 இல் ஜெர்மானிய அறிஞர் வோலர், சிறுநீரிலுள்ள யூரியாவை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கி, அக்கருத்தை அசைத்தார்.

கரி நன்கு எரிந்தாற் கரியமில வாயு உண்டாகும். காற்றோட்டம் போதாத இடத்தில் அது அரைகுறையாக எரியும்; அப்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் கொடிய நச்சுவாயு பிறக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. குருதியிற் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளை அது மிக வலிமையாகப் பற்றிக்கொள்ளும். குளிர்காலத்திற் கதவடைத்த அறையில் கரியடுப்பை மூட்டி உறங்கினோர், மூச்சுத் திணறலையும் உணராமலே மாண்டதுண்டு.

கரி என்னும் சொல்லுக்குச் சான்று என்ற பொருளும் தமிழில் உண்டு. அப்பொருளும் இத்தனிமத்திற்குப் பொருந்துவதாயிற்று. காற்றிலுள்ள கரியமில வாயுவில் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிதளவு கலந்துள்ளன. பயிர் அதனை உட்கொண்டு வளர்கிறது. பயிர் மடிந்தபின் புதியது சேர்வதில்லை. உள்ளது சிதைந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளிற் பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்து காலங்காணும் முறையை வகுத்த லிப்பி என்னும் அமெரிக்க அறிஞர், 1960 இல் நோபெல் பரிசு பெற்றார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றிற் கிடைத்த நெல்லை இம்முறையால் ஆராய்ந்தனர். அதன் காலம் கி.மு. 1155 எனத் தமிழ்நாடு அரசு 2021 இல் அறிவித்தது. ஆயினும், ஏறத்தாழ 50,000 ஆண்டுகட்கு முற்பட்ட பொருள்களில் இவ்வணுக்கள் அளத்தற்கரிய அளவிற்குக் குறைந்துவிடும். ஆதலின் நிலக்கரியின் வயதை இம்முறையாற் காணல் இயலாது.