எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது: கை இறுகும் காலத்தில் ஒரு குடும்பம் அறிய வேண்டியவை

டெல்லி கிட்வாய் நகரில் பெரும்பாலான வீடுகள் மத்திய அரசு ஊழியர்களின் குவார்ட்டர்ஸ். ஊரில் என்ன நடந்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும் என்ற நிம்மதி இங்கே உண்டு. 2020 ஏப்ரலில் அந்த நிம்மதியிலும் கீறல் விழுந்தது. கொரோனா நெருக்கடியைக் காரணம் காட்டி, அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து தரவேண்டிய அகவிலைப்படி உயர்வை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 18 மாதங்களில் மூன்று உயர்வுகள் போயின. 2021 ஜூலையில் அகவிலைப்படி 17 சதவீதத்திலிருந்து 28 ஆனது. ஆனால் இடைப்பட்ட மாதங்களின் நிலுவை கொடுக்கப்படவில்லை.

அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய் வாங்கிய ஒருவரின் கணக்கைப் பாருங்கள். முதல் ஆறு மாதம் மாதம் 1,416 ரூபாய், அடுத்த ஆறு மாதம் 2,478, கடைசி ஆறு மாதம் 3,894. இடையில் வரும் ஆண்டு ஊதிய உயர்வைச் சேர்க்காமலே 18 மாதத்தில் 46,728 ரூபாய் கைக்கு வரவில்லை. நிரந்தர வேலையில் இருந்தவரின் நிலையே இது. அதே குடியிருப்பில் துணி தேய்த்தவர், கார் துடைத்தவர், பாத்திரம் கழுவ வந்தவர் ஆகியோருக்கு ஊரடங்கு மாதங்களில் வருமானமே நின்றது. அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியது.

இப்படிக் கை இறுகும்போது, வெட்டினால் யாரும் உடனே சத்தம் போடாத செலவுகளில்தான் குடும்பங்கள் முதலில் கை வைக்கின்றன. காப்பீட்டு பிரீமியம் கட்டாவிட்டால் அடுத்த நாள் ஒன்றும் ஆகாது. ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் வெளியே தெரியாது. அம்மா தன் பங்குப் பாலை நிறுத்திக்கொண்டால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். பின்னாளில் பெரிய செலவாகத் திரும்பி வருபவை இந்தச் சத்தமில்லாத வெட்டுகள்தான். ஆகவே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: நாளையே மறுபடி தொடங்க முடிந்ததை இன்று தயங்காமல் நிறுத்துங்கள். ஒருமுறை விட்டால் மீட்க முடியாததை, கடைசி வரை தொடாதீர்கள்.

தயங்காமல் நிறுத்த வேண்டியவை

மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, தானாகக் கழிக்கப்படும் தொகைகளை முதலில் குறியுங்கள். ஓடிடி சந்தா, ஜிம், யாரும் திறக்காத ஆப்களின் மாதக் கட்டணம் எல்லாம் அங்கே இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டு வழியாகத் தானாகக் கழிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும். வேண்டாதவற்றை வங்கியின் ஆப்பிலேயே ரத்து செய்யலாம்.

மின்கட்டணத்தில் ஒரு எல்லையைக் கவனியுங்கள். டெல்லி அரசின் மானியத் திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 400-ஐத் தாண்டினால் மானியமே இல்லை. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் 390-க்கும் 410-க்கும் இடையிலான வித்தியாசம் வெறும் 20 யூனிட் விலையோடு நிற்பதில்லை. மானியம் தானாக வராது, கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணம் பாக்கி விழுந்துவிட்டால், 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, முழுதாக 15 நாள் எழுத்துப்பூர்வ அவகாசம் தராமல் இணைப்பைத் துண்டிக்க முடியாது.

கடைசி வரை தொடக்கூடாதவை

*மருந்து.* சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையைக் குறைக்காதீர்கள், அதன் விலையைக் குறையுங்கள். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, ஜன் ஔஷதி கடையில் கேளுங்கள். பிராண்டு விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பவை பல. மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களும் ஓய்வூதியர்களும் தங்களுக்கான அரசு மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்-இன் மருந்தகத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். அந்த வசதி இல்லாத ஒப்பந்த ஊழியர்களும் வீட்டுவேலை செய்பவர்களும் ஆயுஷ்மான் பாரத் அட்டைக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். டெல்லி இத்திட்டத்தில் 2025 ஏப்ரலில் சேர்ந்தது. 70 வயது நிறைந்தவர்களுக்கு இதில் வருமான வரம்பு இல்லை.

*காப்பீடு.* மருத்துவக் காப்பீட்டின் தேதி தவறிவிட்டால், ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறுபடாது. அதைத் தாண்டினால் புதிய பாலிசிதான் எடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுவரை மறுபடியும் காத்திருக்க நேரும். ஆயுள் காப்பீட்டை அவசரப்பட்டு சரண்டர் செய்யாதீர்கள். பாலிசியின் மேல் கடன் கிடைக்குமா, பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகைக்கு பாலிசியைத் தொடரும் 'பெய்ட்-அப்' வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் ரசீதில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*சாப்பாடு.* ஐஎன்ஏ மார்க்கெட்டில் வாங்குவதை சஃபல் பூத்துக்கும் கேந்திரிய பண்டாருக்கும் மாற்றுவது சரியான சிக்கனம். பருப்பு, முட்டை, பாலைக் குறைப்பது சிக்கனம் ஆகாது. குறைத்தே ஆகவேண்டும் என்றால் எல்லோருக்கும் சமமாகக் குறையுங்கள். கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில் மட்டும் அது விழக்கூடாது. தமிழ்நாட்டு ரேஷன் அட்டையோடு டெல்லியில் வேலை செய்பவர்கள், அந்த அட்டை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறையில் இங்கேயே கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். டெல்லியில் இது 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

*படிப்பு.* கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் பள்ளிக்கு எழுத்தில் தெரிவித்து, தவணை கேளுங்கள். கொரோனா ஆண்டுக் கட்டணம் பற்றிய ராஜஸ்தான் வழக்கில் 2021 மே 3 அன்று உச்ச நீதிமன்றம், கட்டண பாக்கிக்காக மாணவரை வகுப்பிலிருந்து விலக்கவோ தேர்வு முடிவை நிறுத்தவோ கூடாது என்றும், ஆண்டுக் கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும் சொன்னது. அது அந்தக் கல்வியாண்டின் சூழலுக்கான தீர்ப்பு. ஆனாலும் முறையிடும்போது எடுத்துச் சொல்ல வலுவான வாதம்.

கடன்: எங்கே காலை வைக்கிறோம்?

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைப் பாருங்கள். பாக்கி 40,000 ரூபாய், வட்டி மாதம் மூன்றரை சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறீர்கள். வட்டி 1,400, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. அசலில் குறைவது 348 ரூபாய். இப்படியே போனால் கடன் தீர ஆண்டுக்கணக்காகும். கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கியைத் தீர்த்தபிறகு ஏழு வேலை நாளுக்குள் வங்கி அதை மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும்.

நகையை அடகு வைப்பதானால் வங்கியிலோ, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனத்திலோ வையுங்கள். எடை, தூய்மை, கல் கழிவு எல்லாம் எழுதிய சான்று கேட்டு வாங்குங்கள். 2025-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, கடனைத் தீர்த்தபின் அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வரவேண்டும். கடன் கொடுத்தவர் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் ஆப்கள் பக்கம் போகுமுன், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குள்ள உரிமைகள் இவை: எல்லாக் கட்டணங்களும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும். பணம் கடன் தரும் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரவேண்டும். மனம் மாறினால், குறிப்பிட்ட நாளுக்குள் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கலாம். உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் ஆப் தொடக்கூடாது. படத்தைத் திரித்து உறவினர்களுக்கு அனுப்புவேன் என்று யாராவது மிரட்டினால் பணம் கட்டாதீர்கள். திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். கடன் வாங்கியது குற்றமல்ல, மிரட்டுவது குற்றம்.

டெல்லித் தமிழர்கள் வீட்டோடு வீடாகப் போடும் 'கமிட்டி', அதாவது ஏலச்சீட்டு, நம்பிக்கையில் ஓடுவது. பணம் இறுகும் காலத்தில், முதலில் எடுத்தவர்கள் கட்டாமல் போனால் கடைசியில் எடுப்பவர்தான் ஏமாறுகிறார். 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி சீட்டு பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத சீட்டில் புதிதாகச் சேராதீர்கள்.

தவணை தவறும் முன்பே பேசுங்கள்

2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இஎம்ஐ ஒத்திவைப்புக்கு வழி செய்தது. அந்த ஆகஸ்ட் 31 வரை அது நீடித்தது. தள்ளுபடி என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது, கடன் காலம் நீண்டது. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், மூல வட்டி அப்படியே இருந்தது. எந்தச் சலுகையையும் ஏற்கும் முன் "மொத்தம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு தவணை தவறப்போவது தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கிக்கு மின்னஞ்சலில் தெரிவித்துத் தவணைக் குறைப்பு கேளுங்கள். தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து வட்டி போட 2024 ஏப்ரலிலிருந்து அனுமதி இல்லை. வசூல் செய்பவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. உங்கள் அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் அவமானப்படுத்தக்கூடாது.

வேலை போனால்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கினாலும் நீங்களே விலகினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டவராக இருந்தால், வேலையிழப்பு நிவாரணத்துக்குத் தகுதி உண்டா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். விடுபட்ட சம்பளம், பணிக்கொடை, பிஎஃப் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். வாய்மொழி வாக்குறுதியை ஏற்காதீர்கள்.

நம் வீட்டுக்கு வருபவரின் வயிறு

வருமானம் குறைந்ததும் முதலில் நிறுத்தப்படுபவர் வேலைக்கு வரும் அக்கா. தென் டெல்லி வீடுகளில் பாத்திரம் கழுவியும் சமைத்தும் குடும்பம் நடத்தியவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் நிறைய. ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் பல பத்தாண்டுகள் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. மாற்று வீடு பெறத் தகுதியானவர்களுக்கும் அது நகரின் வடகோடியில், நரேலாவில். பேருந்திலேயே பாதி நாள் போகும் தூரத்திலிருந்து வரும் ஒருவருக்கு, ஒரு வீட்டு வேலை போவதே பெரிய அடி.

தமிழ்நாடு வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. வீட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. சட்டம் வரும்வரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். நிறுத்துவதற்குப் பதில் வேலை நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். முடியவே இல்லையென்றால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், அல்லது ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்புங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் அவரைப் பதிவு செய்ய உங்கள் கைபேசியிலிருந்தே உதவுங்கள்.

எங்கே முறையிடுவது?

* இணைய மோசடி, கடன் ஆப் மிரட்டல்: 1930
* வங்கி, கார்டு, கடன் நிறுவனப் புகார்: முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். வழிகாட்ட 14448
* காப்பீடு: 155255
* நுகர்வோர் புகார்: 1915
* ரேஷன்: 1967
* இலவசச் சட்ட உதவி: 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இந்த உதவி உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, நிறுத்தலாம் என்பவற்றையும் தொடக்கூடாது என்பவற்றையும் இரண்டு பட்டியலாக எழுதுங்கள். சம்பாதிப்பவர் மட்டும் முடிவெடுத்தால், சத்தமில்லாமல் தன் பங்கைக் குறைத்துக்கொள்பவர் யார் என்பது கடைசி வரை தெரியாது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கேட்டு எழுதிய பட்டியலைத்தான் வீடு மனமொத்துக் கடைப்பிடிக்கும்.