இழுவை வண்டி வாங்கும் முன் டிரெய்லரைப் பாருங்கள்



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் பிரிவுக்கு இந்த ஆண்டு வாகனம் கேட்டு வந்த மனுக்கள் கொஞ்சம் கூடுதல். சவூதியிலிருந்து திரும்பி வந்த சகோதரர் ஒருவர் கொண்டுவந்த மனுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மாமா, அங்கே ஒரு பிக்கப் வண்டி பின்னால் நாலு ஒட்டகம் ஏற்றிய பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ரோட்டில் பறக்கும். அது மாதிரி இங்கே ஒரு டீசல் பிக்கப் எடுத்து, பெரிய டிரெய்லர் கோத்து, அறுவடையில் நெல் ஓட்டலாம் என்று இருக்கிறேன்" என்றார். உழைக்கும் எண்ணத்தோடு வந்தவர். ஆனால் அவர் அங்கே பார்த்த வண்டி வேறு, இங்கே கிடைக்கும் வண்டி வேறு.

வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் ஃபோர்டு, ராம், ஷெவர்லே கனரக பிக்கப்புகள் இழுப்பதற்கென்றே கட்டப்பட்டவை. எஞ்சின் மட்டுமே 400 எச்.பி.யைத் தாண்டும். சில மாடல்களில் பின் அச்சில் நான்கு சக்கரங்கள் இருக்கும். எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கும். இதைவிட முக்கியமான ஒன்று கண்ணில் படாது. அந்த டிரெய்லருக்குத் தனியாக பிரேக் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால் அதற்குச் சொந்த பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஓட்டுநர் பெடலை மிதித்தால் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து நிற்கும்.

நம் ஊர் பிக்கப்புகள் சுமையை முதுகில் ஏற்றிச் செல்லப் பிறந்தவை. டாட்டா ஏஸ் 2005இல் வந்தபோது அதன் சுமை முக்கால் டன். அசோக் லேலண்டின் தோஸ்த் 2011இல் வந்தது; அந்த வகை வண்டிகள் ஒன்றேகால், ஒன்றரை டன் என்று ஏற்றும். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் கணக்கிட்டால் ஒன்றரை டன் என்பது 37 மூட்டை. அதற்கு இவை நல்ல வண்டிகள்தாம். பட்டறையில் பின்பக்கம் கொக்கி வெல்டிங் வைத்து ஐந்து டன் டிரெய்லரைக் கோத்தால் சேஸும் கிளட்ச்சும் பிரேக்கும் தாங்காது, இன்சூரன்ஸும் கைகொடுக்காது. ஆகவே பெரிய டிரெய்லரை இழுக்க வேண்டுமானால் நம் டெல்டாவில் அதற்கு உரிய டீசல் வண்டி டிராக்டர்தான். அந்தச் சகோதரரிடமும் இதைத்தான் சொன்னோம். எந்த டிராக்டர், எந்த டிரெய்லர் என்பதே அடுத்த கேள்வி.

டிராக்டர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பது. விற்பவரும் அதையே பேசுவார். நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். டிராக்டர் 2 டன், காலி டிரெய்லர் ஒன்றரை டன், அதில் ஒரு யூனிட் மணல். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எடை சுமார் நாலரை டன். ஆக மொத்தம் 8 டன். இருபதடிக்கு ஓரடி உயரும் பாலத்து ஏற்றத்தில் இதை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற்ற, கியரில் போகும் இழப்பையும் சேர்த்து, சுமார் 25 எச்.பி. போதும். நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் 35 முதல் 50 எச்.பி. ஆகவே இழுக்கும் சக்திக்குப் பஞ்சமே இல்லை. கூடுதல் எச்.பி. செய்வதெல்லாம் அதே பாரத்தோடு இன்னும் வேகமாக ஓட்ட ஆசை காட்டுவதுதான்.

இப்போது அதே 8 டன்னை நிறுத்திப் பாருங்கள். நம் டிராக்டர்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். பட்டறையில் கட்டும் டிரெய்லர்களில் பலவற்றுக்கு பிரேக்கே கிடையாது. அப்படியானால் 8 டன்னையும் நிறுத்தும் வேலை, டிராக்டரின் இரண்டு பின் டயர்கள் தார் ரோட்டைப் பிடிக்கும் பிடியில்தான் இருக்கிறது. அந்தப் பிடி பின் டயர் மேல் உள்ள எடையைப் பொறுத்தது. 2 டன் டிராக்டரில் அது சுமார் 1,300 கிலோ. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வெறும் டிராக்டர், ஓட்டுபவர் சுதாரிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, 13 மீட்டருக்குள் நின்றுவிடும். மணல் டிரெய்லரோடு சமதளத்தில் 29 மீட்டர் ஆகும். பாலத்து இறக்கத்தில் 46 மீட்டர். மழை பெய்து டயரில் சேறும் ஒட்டியிருந்தால் இறக்கத்தில் அது நிற்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவை தோராயக் கணக்குகள்தாம். வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் மாறுவது எந்தப் பக்கம் என்றால், பழைய பிரேக்கும் தேய்ந்த டயரும் உள்ள வண்டிக்கு இன்னும் கூடும்.

"நம்ம ஊர் சமதரைதானே, இறக்கம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். ஆறு என்றால் கரை, கரை என்றால் பாலம், பாலம் என்றால் ஏறி இறங்கத்தான் வேண்டும். இறங்குகிற இடத்தில்தான் பஸ் நிறுத்தமும் டீக்கடையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஓர் இளைஞருக்கு டிராக்டரின் முன்பணத்துக்காக நாங்கள் கடன் கொடுத்தோம். ஊர் ஜாமீன், அடையாள அட்டை, வருமானம் எல்லாம் பார்த்தோம். என்ன ஏற்றப் போகிறார், எந்த டிரெய்லர் என்று கேட்கவில்லை. அறுவடையில் நெல் ஓட்டினார், பிரச்சினை இல்லை. சீசன் முடிந்ததும் தவணை நெருக்கியது. அதே டிரெய்லரில் கிராவல் ஓட்டினார். ஒரு மாலை, பாலத்து இறக்கத்தில் முன்னே சென்ற மாட்டுவண்டிக்காக பிரேக் மிதித்தார். டிராக்டர் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. அது பின்னாலிருந்து தள்ளியதில் இரண்டும் கத்தரி போல மடங்கின. மட்கார்டில் உட்கார்ந்து வந்த பையனின் இடுப்புக்குக் கீழே நசுங்கியது. ஓட்டியவர் பிழைத்தார். பையன் பிழைத்தான் என்றும் சொல்லலாம்; இன்றும் பைத்துல்மாலிலிருந்து அவனுக்கு மாத உதவி போகிறது. இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர மறுத்தது. விவசாய வண்டியில் வாடகைக்குக் கிராவல், இருக்கை இல்லாத இடத்தில் ஆள், டிரெய்லர் பாலிசியிலேயே இல்லை என்று மூன்று காரணம் காட்டியது. மூன்றும் உண்மை. அந்தக் கடன் மனுவில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்.

நெல்லுக்குச் சரியாக இருந்த டிரெய்லர் கிராவலுக்கு ஏன் எமனானது? பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரம் உள்ள பெட்டியை நெல்லால் நிரப்பினால் சுமார் 2 டன். அதே பெட்டியை மணலால் நிரப்பினால் ஐந்து டன்னைத் தாண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவுதான். செங்கல் இன்னும் ஏமாற்றும். கல் ஒன்று 3 கிலோ என்றால் 2,000 கல் 6 டன். எனவே "எத்தனை டன் டிரெய்லர்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எதை, எந்த அளவுக்கு ஏற்றுவேன்?" என்று உங்களையே கேளுங்கள். நெல்லுக்காகப் பலகை வைத்து உயர்த்திய பெட்டியில் மண் ஏற்றவே கூடாது.

டிரெய்லரில் இரண்டு சக்கரம், நான்கு சக்கரம் என்று இரு வகை. இரண்டு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின் சக்கரத்தில் இறங்கும். சேற்று வயலிலிருந்து கரையேற அது உதவும். வரப்புத் திருப்பத்திலும் பின்னோக்கி எடுக்கவும் எளிது. பாரத்தைப் பின்பக்கம் குவித்துவிட்டால் கொக்கி மேலே தூக்கி, டிராக்டர் பிடியை இழக்கும். முன்பக்கம் குவித்தால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொல்பேச்சுக் கேட்காது. நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும், அதிகம் ஏற்றும். ஆனால் நிறுத்தும்போது டிராக்டருக்கு எந்த உதவியும் செய்யாது. எங்கள் கருத்து: வயலிலிருந்து களத்துக்கும் பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்கும் ஓட்ட இரண்டு சக்கர டிரெய்லர் போதும். நான்கு சக்கரம்தான் வேண்டும் என்றால் பிரேக் உள்ள டிரெய்லராக வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதல் தொகைக்கும் சேர்த்தே கடன் மனு போடுங்கள். இனி அதை நாங்கள் மறுப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது.

டிராக்டரில் பார்க்க வேண்டியது என்ன? எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ளதை எடுங்கள். 'ஆயில் பிரேக்' என்று கேட்டால் தெரியும். நம் வயல்களில் தொளி உழவில் சேற்றுத் தண்ணீரில் ஓடிவிட்டு அப்படியே ரோட்டுக்கு வரும் வண்டிக்கு இதுதான் ஏற்றது. அடுத்தது எடை. டிரெய்லரை அடக்குவது டிராக்டரின் கனமே. ஒரே எச்.பி.யில் இரண்டு மாடல் இருந்தால், டிரெய்லர் வேலைக்குக் கனமானதே மேல். எச்.பி. 40, 45 போதுமானது. ரோட்டவேட்டரும் ஓட்டுவதென்றால் 45, 50. அதற்கு மேல் போகாதீர்கள் என்றே சொல்வோம். 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்து, எஞ்சினில் மின்னணு வேலை கூடிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. பழுதானால் நம் ஊர் மெக்கானிக் கை வைக்க யோசிப்பார். கம்பெனிப் பெயரைப் பற்றி எங்களுக்குப் பிடிவாதம் இல்லை. அறுவடை நேரத்தில் பாகம் உடைந்தால் அன்றைக்கே கிடைக்கிற கம்பெனி எதுவோ அதை எடுங்கள்.

ஓட்டுகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. டிராக்டரில் இடது, வலது பிரேக் பெடல்கள் தனித்தனி. வயலில் திரும்புவதற்காகப் பூட்டை எடுத்துவிட்டு உழுகிறோம். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் சேர்த்துப் பூட்ட மறந்தால், ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். வேலை முடிந்த களைப்பில் மறப்பது இதைத்தான். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். டிரெய்லரை எப்போதும் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். சேற்றில் சிக்கியதை மேல் லிங்க்கில் சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. தை மாதப் பனியில் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிற்கும் டிரெய்லரில் மோதி மாண்டவர்களின் ஜனாஸாவுக்கு நாமெல்லாம் போயிருக்கிறோம். பின்பலகையில் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

ஆவணங்களுக்கு வருவோம். டிராக்டருக்கு ஓர் ஆர்.சி., டிரெய்லருக்கு இன்னோர் ஆர்.சி.; எண்ணும் தனி. பாலிசியிலும் டிரெய்லரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பணம் கட்டியிருக்க வேண்டும். பட்டறையில் ஆர்டர் கொடுக்கும் முன், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகும் மாடலா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பற்றிய குழப்பம் இப்போது தீர்ந்திருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகுரக வாகன லைசென்ஸே போதும், தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. சிக்கல் இருப்பது பதிவில்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனமே அல்ல. விவசாய டிரெய்லர் விவசாயப் பொருள் ஏற்றுவதற்கானது. செங்கல், எம்சாண்ட், கிராவல் என்று வாடகைக்கு ஓட்டுவதென்றால் அதற்குரிய பதிவும் பெர்மிட்டும் இன்சூரன்ஸும் எடுத்துத்தான் ஓட்ட வேண்டும்.

குறுவை அறுவடை சில வாரம், சம்பா தாளடி அறுவடை தையிலும் மாசியிலும் சில வாரம். நெல் மட்டும் ஓட்டினால் வண்டி வருடத்தில் பாதி நாள் கொட்டகையில்தான் நிற்கும். உழவு, ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டு என்று மற்ற வேலைகளையும் கணக்கில் எழுதிப் பாருங்கள். தவணை அதற்குள் அடங்கவில்லை என்றால் வாங்காதிருப்பதே நல்லது. அடங்காத தவணைதான் அந்த இளைஞரைக் கிராவலுக்கு அனுப்பியது. சொந்த வயலுக்கு மட்டும் தேவை என்றால், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு இயந்திரங்கள் தருகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு டிராக்டரும் ஒரு டிரெய்லரும் வாங்குவதானால் கூட்டு மனுவாகவும் கொடுக்கலாம்.

சவூதியிலிருந்து வந்த சகோதரர் இப்போது தம் மைத்துனரோடு சேர்ந்து அப்படி ஒரு கூட்டு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார். வாகனக் கடன் விண்ணப்பத்தில் இந்த மாதம் முதல் மூன்று கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்: என்ன ஏற்றுவீர்கள், டிரெய்லருக்கு பிரேக் உண்டா, டிரெய்லர் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா. ஏற்கெனவே நம்மிடம் கடன் பெற்று டிரெய்லர் ஓட்டிவரும் சகோதரர்கள் டிரெய்லரின் ஆர்.சி. நகலையும் பாலிசி நகலையும் எடுத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பாலிசியில் டிரெய்லர் விடுபட்டிருந்தால் அதைச் சேர்ப்பதற்கான தொகையை அறக்கட்டளை முன்பணமாகத் தரும்.