தமிழுக்குப் புள்ளி வேண்டாமா?

விழாச் சட்டையில் ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ என்று அச்சாகி வந்ததை நம்மில் சிலர் அணிந்தே இருக்கிறோம். அது எழுத்துப் பிழை அன்று, விளக்குப் பிழை.

திரை அச்சில், வலைத்துணியில் பூசிய இமல்ஷன் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இறுகும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் நீரில் கழுவப்பட்டு, மை இறங்கும் வழியாகும். சிறு கடைகள் பலவற்றில் வரிசையாகக் குழல் விளக்குகள் அடுக்கிய பெட்டிதான். பல குழல்களின் ஒளி பல கோணங்களில் பாய்ந்து கறுப்பின் ஓரத்துக்கு அடியிலும் நுழைவதால் சிறு புள்ளி அடைபட்டுவிடுகிறது. ஒற்றை மெட்டல் ஹாலைடு விளக்கில் இக்குறை மிகக் குறைவு. ஆனால் அது சூடேறக் காத்திருக்க வேண்டும். எல்இடி உடனே எரியும், மின்சாரமும் மிச்சம். எனினும் பெரும்பாலான எல்இடி கருவிகளின் கதிர் 395 முதல் 405 நானோமீட்டருக்குள் அடங்கும். இமல்ஷன் அதற்கு இசைய வேண்டும்.

விலை கேட்குமுன், பிலிமோடு திரையை அழுத்தும் ரப்பர் விரிப்பைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் எந்த விளக்கும் வீண்.

புது விளக்குக்குப் பழைய நேரக்கணக்கு உதவாது. அட்டையால் படிப்படியாக மறைத்து, ஒரே திரையில் பல நேரங்களைச் சோதித்துக் கழுவ வேண்டும். இமல்ஷன் வழுக்கிக் கரையாமலும், ‘ழ்’ மேல் புள்ளி திறந்தும் நிற்கும் நேரமே அக்கடைக்குரிய நேரம்.