விமானப் பாதையில் சீறிய கார்கள்!

புழலில் இருந்து செங்குன்றம் வழியாக வடக்கே போனால் எந்த ஊர் வரும்? சோழவரம்! அங்கே ஏரி இருப்பதும், அந்தத் தண்ணீர் கால்வாய் வழியே புழல் ஏரிக்கு வருவதும் உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால், ஒரு காலத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் நாடெங்கிலும் இருந்து அந்த ஊரைத் தேடி வந்தது தெரியுமா?

போர் தந்த பாதை

இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினம், காக்கிநாடா நகரங்கள் மீது குண்டு வீசின. அடுத்தது சென்னைதானோ என்று மக்கள் நடுங்கினார்கள். அந்தப் போர்க் காலத்தில்தான் சோழவரத்தில் போர் விமானங்களுக்காக ஓடுபாதை போடப்பட்டது.

போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. பாதை மட்டும் சும்மா கிடந்தது.

பந்தயம் வந்தது

விமானம் மேலே எழும்ப, முதலில் தரையில் வேகமாக ஓட வேண்டும் அல்லவா? அதனால்தான் ஓடுபாதையை நீளமாக, நேராக, மேடு பள்ளம் இல்லாமல் போடுகிறார்கள். குறுக்கே ஆடு மாடு வராது, வண்டி வராது. வேகமாக ஓடும் காருக்கும் இதுதானே வேண்டும்!

இங்கிலாந்திலும் இப்படித்தான் நடந்தது. போருக்காக அமைத்த சில்வர்ஸ்டோன் விமானத் தளம், 1948-ல் பந்தய மைதானமாக மாறியது. ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயம் 1950-ல் அங்கேதான் நடந்தது.

இங்கே, 1953-ல் 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' தொடங்கப்பட்டது. சோழவரத்தில் பந்தயங்கள் களைகட்டின. பாதை ஆங்கில எழுத்தான 'டி' வடிவத்தில் இருக்கும். நேர்ப் பாதையில் பறந்து வந்து, முனையில் சட்டென்று வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். வேகம் மட்டும் போதாது, நிதானமும் வேண்டும். திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டுகளும் அங்கே சீறின.

ஏன் நின்றது?

விமானம் இறங்கப் போட்ட பாதை, எத்தனை ஆண்டு ஆனாலும் பந்தய மைதானம் ஆகிவிடாது. வண்டிகளின் வேகம் கூடக் கூட, ஓட்டுபவருக்கும் பார்ப்பவருக்கும் பாதுகாப்பு கூட வேண்டும். விதவிதமான வளைவுகள் வேண்டும். வளைவில் வழுக்கினால் வண்டி பத்திரமாக நிற்க வெற்றிடம் வேண்டும். அந்த நிலமோ கிளப்புக்குச் சொந்தமானது அல்ல!

எனவே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே சுமார் 3.7 கிலோ மீட்டர் நீளத்தில் புதிய பாதை அமைத்தார்கள். 1990-ல் அது திறக்கப்பட்டது. சோழவரத்தின் இரைச்சல் அடங்கியது. சில்வர்ஸ்டோனில் இன்றும் பந்தயம் நடக்கிறது, சோழவரம் நினைவாகிவிட்டது.

ஆனால், அங்கே கற்ற பாடம் வீண் போகவில்லை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர் பாதையில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே!

ஒன்றை மறக்காதீர்கள். காலிப் பாதையில், தலைக்கவசம் அணிந்து, விதிகளுக்கு உட்பட்டு ஓட்டினால்தான் அது விளையாட்டு. ஜி.என்.டி. சாலையில் இரண்டு பைக்குகள் போட்டி போட்டால் அது விளையாட்டு அல்ல; வழியில் போகும் யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து.

உங்கள் தாத்தாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ, "சோழவரம் ரேஸ் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பார்த்திருந்தால், அவர் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நம் ஊர் வரலாற்றில் ஒரு பக்கம், உங்கள் கையெழுத்தில் இருக்கட்டுமே!