மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர பி.சி.எம். சான்றிதழ் போதாது

கீழ்புத்துப்பட்டு பிள்ளைகளுக்குப் புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் பக்கம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டு. ஆனால் பிளஸ் டூ முடித்துச் சேர கியூட் எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானால் 1 போய்விடும். குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டாம். மதிப்பெண் வந்ததும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. நம் வீடுகளில் இருக்கும் பி.சி.எம். சான்றிதழ் மாநில இடஒதுக்கீட்டுக்கானது. மத்தியப் பல்கலைக்கழகத்தின் 27 சதவீத ஓ.பி.சி. இடங்களுக்கு அது செல்லாது. அதை மட்டும் நம்பினால் பிள்ளை பொதுப் பிரிவில் போட்டியிட நேரும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைகள் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உண்டு. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்ற சான்றிதழைத் தாசில்தாரிடம் வாங்குங்கள். ஜமாஅத் கடிதம் ஈடாகாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் தேதியைப் பாருங்கள். நடப்பு நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும்.