கல்லைப் படித்தவரும் வில்லைக் கேட்டவரும்

கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் சுசீந்திரத்தில் இறங்கி, மேலாடையைக் களைந்து தாணுமாலயனைத் தரிசித்து, அலங்கார மண்டபத்து இசைத்தூண்களில் எழும் நாதத்தைக் கேட்டு, நெடிய ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்து அதிசயித்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிற யாத்ரீகரிடம் இந்த ஊரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால், அவர் தடையின்றிச் சொல்லிவிடுவார். இப்பக்கத்தில் மாதக்கணக்கில் தங்கி ஆராய்ச்சி செய்த பிறநாட்டாரிடம் கேட்டாலோ, அவர் சற்றுத் தயங்கித்தான் வாயைத் திறப்பார்.

சுசீந்திரம் அடங்கிய நாஞ்சில் நாட்டுக்கு வந்து தங்கிய வெள்ளையர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஜனங்களை அறிந்துகொள்வதே வேலையாக இருக்கவில்லை. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்த வார்டு, கானர் என்னும் இரு ராணுவ அதிகாரிகளுக்கு நிலத்தின் கணக்கு வேண்டியிருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீருக்கு ஆத்துமாக்கள் வேண்டியிருந்தன. 1871-லும் 1883-லும் மேட்டீர் வெளியிட்ட இரு நூல்களில், தாழ்த்தப்பட்ட ஜாதியார் பட்ட துன்பங்களை, இவ்வூர்ப் பெரியவர்கள் எழுதத்தக்க விஷயமென்றே எண்ணாத காலத்தில், அவர் சிரத்தையோடு எழுதிவைத்திருக்கிறார் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்த ஜனங்களின் தெய்வங்களான சுடலைமாடனும் இசக்கியும் அவர் கண்ணுக்குப் பேய்களாகவே தென்பட்டன.

அயலாரோடு அயலாராய்க் கூடி வாழ்ந்து, அவர்கள் பாஷையைக் கற்று, அவர்கள் கண்ணாலேயே உலகத்தைப் பார்க்க முயல்வதே ஆராய்ச்சி என்னும் கொள்கையை மேல்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் போலந்து தேசத்தவரான மாலினோவ்ஸ்கி. முதல் உலக யுத்த காலத்தில், நியூகினிக்கு அருகிலுள்ள டிராப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கி அவர் எழுதிய நூல்கள் பிரஸித்தமானவை. அவர் 1942-இல் காலமாகி நெடுநாள் கழித்து, 1967-இல் அவருடைய நாட்குறிப்பு அச்சேறியபோது, அத்தீவினர்மேல் அவர் கொண்டிருந்த எரிச்சலும், வீட்டு ஏக்கமும், சில இடங்களில் இகழ்ச்சியும் வெளிப்பட்டுப் பண்டிதர்களைத் திடுக்கிடச் செய்தன. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. புழுக்கத்தையும் கொசுவையும், "சம்பளம் எவ்வளவு? கல்யாணம் ஆயிட்டா?" என்ற கேள்விகளையும் நாள்தோறும் சந்திக்கிற மனிதர், இரவில் தம் நோட்டுப்புத்தகத்திலும் புன்னகை புரிந்துகொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு இங்கு வந்த அமெரிக்க மாணவர்களின் கதைக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. பஞ்ச காலங்களில் பி.எல். 480 என்ற சட்டப்படி நமக்கு விற்கப்பட்ட கோதுமைக்கு நாம் ரூபாயாகச் செலுத்திய பணத்தில் ஒரு பங்கு, அவர்களுடைய ஆராய்ச்சிக்கும், தமிழ் முதலிய நம் பாஷைப் புஸ்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களில் சேர்ப்பதற்கும் செலவாயிற்று. ரேஷன் கடை வரிசையில் நின்ற நம்மவருக்கு, தாம் கல்விக்கும் சகாயம் செய்கிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

1970-களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையிலிருந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தது வில்லுப்பாட்டைக் கேட்பதற்காக. கச்சேரி மேடை வில்லுப்பாட்டை அன்று. அம்மன் கோவில்களிலும் மாடன் கோவில்களிலும் கொடை என்னும் திருவிழா நடக்கும்போது, குடியழைப்பு இரவில் தொடங்கி விடிய விடியப் பாடப்படுகிற பாட்டை. மணிகள் கட்டிய நெடிய வில்லைக் குடத்தோடு பிணைத்து, நாணின்மேல் வீசுகோலை அடித்து, முன்பாட்டுக்காரர் ஓரடி பாட மற்றவர்கள் ஏற்றுப் பாடுகையில், பந்தலில் பாதிப்பேர் தூங்குவார்கள், சிலர் காப்பிக் கடைப் பக்கம் ஒதுங்குவார்கள். கதையில் வீரன் வெட்டுண்டு சாயும் இடம் நெருங்க நெருங்க, உடுக்கை துரிதகதியில் முழங்கும், அதுவரை தூணோரமாய்ச் சும்மா நின்ற, சாமியாடுபவரான கோமரத்தாடியின் தோள் நடுங்கும், பெண்கள் குரவையிடுவார்கள், கதையை அப்படியே நிறுத்திவிட்டுப் பாட்டுக்காரர் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடுவார், தூங்கினவர் ஒருவர்கூடத் தூங்கமாட்டார். ஆட்டம் அடங்கித் திருநீறு கொடுத்தான பிறகே கதை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த நடுக்கம் ஏன் இந்த இடத்தில் மட்டும் வருகிறது என்று நம்மூர்ப் பிள்ளை கேட்டால், "இதுகூடத் தெரியாதாடே?" என்று சிரிப்பார்கள். அந்நியர் கேட்டால் உட்காரவைத்து விளக்குவார்கள். 1988-இல் வெளிவந்த பிளாக்பர்னின் நூல் அப்படிப்பட்ட கேள்வியைச் சுற்றியே எழுந்தது. கயிலாயத்தில் பிறந்து வந்த தெய்வங்களின் கதைகள் ஒருபுறம், இந்த மண்ணிலேயே அநியாயமாய் மாண்டு தெய்வமானவர்களின் கதைகள் மறுபுறம் என்று பாட்டுக்களை வகுத்து, சாமியாட்டத்தின் உச்சம் பின்னவற்றின் மரணக் கட்டத்தோடு பிணைந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஏட்டை மட்டும் வாசிப்பவருக்கு இது தெரியவராது.

அவருக்கு முன் நம்மவர் யாரும் இத்துறையைத் தொடவில்லை என்று சொன்னால் அது பெரும் பிழை. பிராமணனாய்ப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, மாடுகளைக் கள்வரிடமிருந்து மீட்கையில் மாண்டு, வில்லுப்பாட்டில் தெய்வமாகப் பாடப்படும் முத்துப்பட்டனின் கதையை, நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை முன்பே பதிப்பித்திருந்தார்.

ஆனால் நாஞ்சில் நாட்டின் கல்வி கேள்வியுடையோர் மனம் நெடுங்காலம் கோபுரத்தின் பக்கமே சாய்ந்திருந்தது. இம்மண்ணின் மைந்தரான கே. கே. பிள்ளை சுசீந்திரம் கோவிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, 1953-இல் கலாக்ஷேத்திரம் வெளியிட்ட பெருநூல், கல்வெட்டையும் ஆவணங்களையும் கொண்டு கட்டப்பட்டது; ஸ்திரீ தோஷக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தம் தூய்மையை நிரூபிக்க வேண்டியிருந்த கைமுக்கு வழக்கம்வரை பலவற்றை அறிய இன்றும் அதையே நாட வேண்டியிருக்கிறது. அவரும் கடல் கடந்தவர்தாம். ஆக்ஸ்போர்டில் அவர் டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இங்கிலாந்தைப் பற்றியதன்று. சென்னை ராஜதானியில் ஸ்தல ஸ்தாபன ஆட்சி வளர்ந்த வரலாறு. நம்மைப் பற்றி ஆராய நம்மவர் சீமைக்குப் போயிருக்கிறார். தம் பட்டத்துக்காகப் பெர்க்லி மாணவர் இங்கே கொடைப் பந்தலில் கண்விழித்திருக்கிறார். இவ்விரண்டில் எது கடினமான பிரயாணம் என்று கேட்டால், கொடைப் பந்தலில் முழு இரவு உட்கார்ந்து பார்த்தவர்கள் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள்.